பிடியரிசியும் பெயர்க்கல்லும்: தென்தமிழகத் திருச்சபைகளும் கண்ணன் தேவன் மலைத் தமிழரும் நிதி திரட்டிய முறைகள்

முன்னுரை

மூணாறு நகரை நோக்கிய குன்றின் சரிவில் கருங்கல்லால் எழுப்பப்பெற்ற கிறிஸ்து ஆலயம் நிற்கின்றது. அவ்விடத்தில் முதலில் தோன்றியது கல்லறையே; ஆலயம் பின்னர்தான் வந்தது. 1894ஆம் ஆண்டு டிசம்பரில் வாந்திபேதி நோயால் இறந்த எலினார் இசபெல் மே என்னும் இளம்பெண் அக்குன்றில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் தோட்டக் குழும மேலாளர் ஹென்றி மான்ஸ்ஃபீல்டு நைட்டின் மனைவியாவார். 1910இல் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1911இல் அது வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. தோட்டத்துரைமாரின் பெயர் தாங்கிய பித்தளைத் தகடுகளை அதன் உட்சுவர்களில் இன்றும் காணலாம்.

அதே மலைத்தொடரில், மூணாறிலிருந்து போடிமெட்டு நோக்கிச் செல்லும் வழியில் பெரியகானல், சின்னக்கானல் முதலிய தோட்டப் பகுதிகள் அமைந்துள்ளன. அங்குக் கொழுந்து பறித்த தொழிலாளரில் பெரும்பாலோர் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களிலிருந்து மலையேறிய தமிழர். அவர்களுள் கிறித்தவராயிருந்தோர் தம் சொந்த ஊர்களில் பழகிய கொடைமுறை வேறு. அங்குக் கொடையின் அளவு ஒரு பிடி. கொடுத்தவரின் பெயர் எந்தத் தகட்டிலும் ஏறுவதில்லை.

பெயர் பொறித்துத் திரட்டும் நிதி, பெயரின்றித் திரட்டும் நிதி என்னும் இவ்விரு முறைகளும் தென்தமிழகத் திருச்சபைகளில் எவ்வாறு வடிவமைக்கப்பட்டன, எவ்வாறு மக்களிடையே பரப்பப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. நிதியைத் திரட்டிய முறையே திருச்சபைக்குள் யாருக்குக் குரல் உண்டு என்பதையும் பெருமளவு தீர்மானித்தது என்பது இதன் கருதுகோளாகும்.

தமிழ்க் கொடை மரபு

கொடையை அளந்து பதிவு செய்யும் பழக்கம் தமிழகத்திற்குப் புதியதன்று. முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் செய்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்கிற்கு 96 ஆடுகள் கொடுக்கப்பட்ட செய்தி மீண்டும் மீண்டும் வருகின்றது. சாவா மூவாப் பேராடு என்று அவை குறிக்கப்பட்டன. மூத்தும் இறந்தும் போகும் ஆடுகளுக்கு ஈடாகக் குட்டிகள் சேர்வதால் முதல் குறைவதில்லை. பயனாகிய நெய் மட்டுமே விளக்கிற்குச் செல்லும். முதலை அழிக்காமல் பயனை மட்டும் நுகரும் அறக்கட்டளைக் கருத்து இதில் முழுமையாக அடங்கியுள்ளது.

இதனோடு ஊர் அளவில் வேறு பழக்கங்களும் இருந்தன. வணிகர் தம் சரக்கின்மேல் ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்கு ஒதுக்கிய மகமை, திருமண வீட்டில் எழுதி வாங்கப்பட்ட மொய், அறுவடைக் களத்தில் முதலில் அளந்து வைக்கப்பட்ட தெய்வப் பங்கு, உலையிலிடும் அரிசியிலிருந்து எடுத்து வைத்த பிடியரிசி ஆகியன அவை. விருதுநகர் நாடார் சமூகத்தினர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய சத்திரிய வித்தியாசாலை மகமையாலும் வீடுதோறும் திரட்டிய பிடியரிசியாலும் தாங்கப்பட்டது. காமராசர் இளமையில் பயின்ற பள்ளி அது. ஆகவே கிறித்தவத் திருச்சபைகள் நிதி திரட்டப் புகுந்தபோது வெற்றுக்களத்தில் இறங்கவில்லை. கொடுக்கும் வகையறிந்த மக்களிடையேதான் அவை பணியாற்றின.

வெளியே சென்ற வேண்டுகோள்

எனினும் தொடக்கக் காலத் திருச்சபை பெரும்பாலும் வெளியாரின் பொருளையே நம்பியிருந்தது. பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் 40 பேர் இடம்பெற்றனர். அச்சபையின் முதன்மையாளரான குளோரிந்தா அம்மையார் எழுப்பிய சிற்றாலயம் 1785இல் சுவார்ட்சு ஐயரால் திறந்து வைக்கப்பட்டது. ஒரு தமிழகப் பெண்ணின் முயற்சியே திருநெல்வேலித் திருச்சபையின் முதல் கட்டடத்திற்கு அடிப்படையாயிற்று என்பது பின்னர் வருவனவற்றோடு ஒப்பிட்டு எண்ணத்தக்கது.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயரின் காலத்தில் வெளிநாட்டுக் கொடை முறைப்படுத்தப்பட்டது. பிரஷ்ய நாட்டுப் பிரபுவாகிய டோனா அளித்த பொருளால் 1827இல் உருவான கிறித்தவக் குடியிருப்பு அவர் பெயராலேயே டோனாவூர் ஆயிற்று. இதற்கு முன்னரே சாமுவேல் சாயர் என்னும் வணிகரின் கொடையால் வாங்கப்பட்ட நிலத்தில் எழுந்த ஊர் சாயர்புரம் எனப் பெயர்பெற்றது. கொடையாளர் பெயரை ஊருக்கே இடுவது அக்காலத்தின் மிகப் பெரிய பெயர்க்கல் எனலாம். முன்பின் காணாத தென்பாண்டிச் சீமையில் தன் பெயரால் ஓர் ஊர் வழங்கும் என்பது ஒரு பிரபுவுக்குக் கிடைக்கக்கூடிய அரிய கைம்மாறு.

இவ்வேண்டுகோள்களை ஏந்திச் சென்றவை கடிதங்களும் இதழ்களும் ஆகும். மறைப்பணியாளர் எழுதிய கடிதங்கள் இலண்டனில் அச்சேறின. சர்ச் மிஷனரி சங்கம் 1841 முதல் வெளியிட்ட ‘கிளீனர்’ இதழ் எளிய வாசகரையும் எட்டியது. அங்கும் நிதியின் ஒரு பகுதி ஏழைகளிடமிருந்தே வந்தது என்பதை மறத்தலாகாது. வாரம் ஒரு பென்னி கொடுக்கும் சங்கங்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் பரவியிருந்தன. இங்கிலாந்து ஏழையின் பென்னியும் திருநெல்வேலிப் பெண்ணின் பிடியரிசியும் அளவால் ஒன்றையொன்று ஒத்தவை.

வெளியே செல்லும் வேண்டுகோளுக்கு ஒரு குறையும் இருந்தது. பெறுபவரை இரக்கத்திற்குரியவராகக் காட்டினாலன்றி அது பலிப்பதில்லை. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபு விடுத்த வேண்டுகோளை ஏற்று இலண்டன் மேயரின் மேன்ஷன் ஹவுஸ் நிதி திரட்டப்பட்டது. அது 6 லட்சம் பவுனைக் கடந்தது. அதே காலத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் படை அதிகாரி, எலும்பும் தோலுமாய் இருந்தவர்களை வரிசையாக அமர்த்தி எடுத்த ஒளிப்படங்கள் இங்கிலாந்தில் பரவின. அப்படங்களிலுள்ளோர் எவருக்கும் பெயரில்லை. பொருள் கொடுத்தவர் பட்டியலில் பெயர்கள் இருந்தன. பெற்றவர் படத்தில் உடல்கள் மட்டுமே இருந்தன.

பின்னல் வேலையும் சந்தையும்

இரக்கத்தை நாடாமல் உழைப்பின் பயனை விற்று நிதி திரட்டிய முறை ஒன்றும் அக்காலத்தில் உருவாயிற்று. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1821இல் பெண்கள் விடுதிப்பள்ளியில் லேஸ் என்னும் நூல் பின்னல் வேலையைக் கற்பிக்கத் தொடங்கினார். மாணவியர் பின்னிய பொருள்கள் ஐரோப்பியரிடையே விற்கப்பட்டு, அவ்வருவாய் பள்ளிக்கும் பெண்களின் வாழ்வுக்கும் பயன்பட்டது. அவருடைய மகள் எலைசா, இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது இக்கலையும் உடன்சென்றது.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல்லைத் தமிழுலகம் நன்கு அறியும். இடையன்குடி ஆலயத்தைக் கட்டிமுடிக்க அவர் பட்ட பாடு அந்த அளவிற்கு அறியப்படவில்லை. 1847இல் தொடங்கிய அத்திருப்பணி 1880இல்தான் நிறைவெய்தியது. 33 ஆண்டுகள் ஒரு கட்டடத்திற்குப் பொருள் தேடுவதென்றால் ஒரே வேண்டுகோளைப் பல்வேறு முகங்களோடு மீண்டும் மீண்டும் விடுக்க வேண்டியிருந்திருக்கும் என்பதை உணரலாம். ஏறத்தாழ அதே காலத்தில் மெய்ஞ்ஞானபுரத்தில் ஜாண் தாமஸ் ஐயர் எழுப்பிய ஆலயம் 1847இல் திறக்கப்பட்டது. அதன் 192 அடி உயரக் கோபுரம் நிறைவுற மேலும் சுமார் இருபது ஆண்டுகள் ஆயின. பெருங்கட்டடங்கள் ஒரே தவணையில் எழவில்லை. பொருள் வந்த அளவிற்கே கல் ஏறியது.

உள்ளூர் நிதியின் தோற்றம்

ரேனியஸ் 1830இல் ஏற்படுத்திய தரும சங்கம் உள்ளூர் நிதிக்கு முன்னோடியாகும். புதிதாகச் சமயம் தழுவியோர் நிலவுடைமையாளரால் குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அவர்களுக்கு நிலமும் மனையும் வாங்கித் தருவது அதன் நோக்கம். கிறித்தவம் தழுவிய ஏழை, இச்சங்கத்தால் பெறுபவனாக மட்டுமன்றிக் கொடுப்பவனாகவும் மாற வழியேற்பட்டது.

இம்மாற்றத்திற்குக் கொள்கை வடிவம் தந்தவர் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலராக 1841 முதல் 1872 வரை விளங்கிய ஹென்றி வென். தன்னைத் தானே தாங்குதல், தன்னைத் தானே ஆளுதல், தன்னைத் தானே பரப்புதல் என்னும் மூன்றும் ஒரு திருச்சபையின் முதிர்ச்சிக்கு அடையாளங்கள் என்பது அவர் கொள்கை. இலண்டனின் மானியம் படிப்படியாகக் குறையவேண்டும். உள்ளூர் நிதி படிப்படியாக உயரவேண்டும். அந்நிதியைக் கையாள உள்ளூரார் அமரும் மன்றம் வேண்டும் என்று அவர் திட்டமிட்டார். தாங்குதலும் ஆளுதலும் இணைத்துப் பேசப்பட்டமை ஈண்டு முதன்மையானது. பணம் கொடுப்பவருக்கு மன்றத்தில் இடம் உண்டு என்னும் வாக்குறுதி அதில் அடங்கியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய ‘நற்போதகம்’ போன்ற தமிழ் இதழ்களும் சபை அறிக்கைகளும், வேண்டுகோளை இலண்டன் வாசகருக்கு மாறாகத் திருநெல்வேலி வாசகருக்கே கொண்டு சென்றன.

பிடியரிசி: ஒரு திட்டத்தின் அமைப்பு

உள்ளூர் நிதிக்குப் பணம் வேண்டும். பணமோ கிராமத்து வீடுகளில் அரிது. இச்சிக்கலைத் தீர்த்தது பிடியரிசியாகும். நாள்தோறும் உலை வைக்கும் வேளையில் இல்லத்தரசி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவாள். வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ அது ஆலயத்தில் சேர்க்கப்படும். பின் விற்கப்பட்டுப் பணமாகும்.

இதன் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. முதலாவது, அளவுகோல் கொடுப்பவரின் கையே ஆதலால் எவருக்கும் அது பெருஞ்சுமையாவதில்லை. இரண்டாவது, கொடுக்கும் நேரம் அன்றாட வேலையோடு பிணைந்திருப்பதால் நினைவூட்ட ஆள் தேவையில்லை. மூன்றாவது, உண்பதற்கு முன்னரே எடுத்து வைப்பதால் அது முதற்பலன் என்னும் விவிலியக் கருத்தோடும் தெய்வப் பங்கு என்னும் ஊர் வழக்கோடும் ஒருங்கே பொருந்துகின்றது. நான்காவது, கலயத்தில் விழுந்தபின் செல்வர் அரிசியும் ஏழை அரிசியும் வேறு பிரித்தறிய முடியாதவை.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பிடி 40 கிராம் என்றும், ஒரு வீட்டில் நாளைக்கு இரண்டு பிடி என்றும் கொண்டால், 30 நாளில் அவ்வீடு 2.4 கிலோ சேர்க்கும். 100 வீடுகள் உள்ள சபையில் அது 240 கிலோ. அதாவது 25 கிலோ மூட்டைகள் ஏறத்தாழப் பத்து. எந்த வீட்டிலும் ஒருவேளை உணவு குறையாமல் ஓர் ஊழியரின் குடும்பம் உண்ணும் அளவிற்கும் மேல் திரண்டுவிடுகின்றது.

இம்முறை தமிழகத்தோடு நிற்கவில்லை. மிசோரம் கிறித்தவரிடையே பூஃபைதாம் என்னும் பிடியரிசிக் காணிக்கை 1910இல் தொடங்கியது. இன்றளவும் தொடரும் அக்காணிக்கை ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாயாகத் திரள்கின்றது. அரிசி உண்ணும் ஏழைச் சமூகங்கள் பலவும் இதே விடையைக் கண்டடைந்தமை, இதன் வடிவம் அன்றாட வாழ்விலிருந்து பிறந்தது என்பதைக் காட்டுகின்றது.

ஏலமும் அசனமும்

அறுப்பின் பண்டிகையில் மக்கள் நெல், வாழைத்தார், பூசணி, கோழி, முட்டை முதலியவற்றைப் பீடத்தின் முன் படைப்பர். வழிபாடு முடிந்தபின் அவை ஏலம் விடப்படும். ஏலத்தின் இயல்பு பிடியரிசிக்கு நேர்மாறானது. ஓர் ஏழைப்பெண் கொண்டுவந்த முட்டை, சந்தை விலையைப்போலப் பன்மடங்கிற்கு ஏலம் போகலாம். அப்போது முட்டையைக் கொடுத்தவரின் பெயர் மறைந்து, ஏலம் எடுத்தவரின் பெயரே முழங்கும். பெயரற்ற கொடையைப் பெயருள்ள கொடையாக மாற்றும் கருவி ஏலம் என்று கூறலாம். சபைக்கு வருவாய் மிகுகின்றது. அதனோடு ஊர்ப்பெருமையும் போட்டியும் ஆலய முற்றத்திற்குள் நுழைகின்றன.

அசனம் இதற்கு ஓரளவு மாற்றாக அமைந்தது. வீடுதோறும் திரட்டிய அரிசியும் காய்கறியும் பொதுவாகச் சமைக்கப்பட்டு எல்லாரும் ஒரே பந்தியில் உண்ணும் அவ்விருந்தில், கொடுத்த அளவு யாருக்கும் தெரிவதில்லை. சாதிப்பிரிவுகள் திருச்சபைக்குள்ளும் நிலவிய சூழலில் ஒரே உலையில் வெந்த சோறு ஒரு சமூகச் செய்தியாகவும் அமைந்தது. அச்செய்தி எல்லாச் சபைகளிலும் வாழ்க்கையாக மாறிற்று என்று கூறுவதற்கில்லை.

1903: நிதியும் உரிமையும்

இம்முறைகள் ஓர் இயக்கமாகத் திரண்ட இடம் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கமாகும். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர் தம் பொருளால் தமிழகத்தின் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியிருப்பதைக் கண்டார். எண்ணிக்கையில் மிகப் பெரிதான திருநெல்வேலித் திருச்சபை அவ்வாறு எதுவும் செய்யவில்லையே என்னும் எண்ணம் அவரை வருத்தியது. அதன் விளைவாக 1903 பிப்ரவரி 12 அன்று சங்கம் தோன்றியது. இந்தியரின் ஆள், இந்தியரின் பொருள், இந்தியரின் நிருவாகம் என்னும் மூன்றும் அதன் அடிப்படைகள்.

வேண்டுகோளின் தொனி இங்கு முற்றிலும் மாறியது. நீங்கள் ஏழைகள், ஆதலால் உங்களுக்கு உதவுகிறோம் என்பது பழைய தொனி. உங்களாலும் பிறருக்குக் கொடுக்க முடியும் என்பது புதிய தொனி. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மறைப்பணி மாநாட்டில் அசரியா ஆற்றிய உரையின் சாரமும் இதுவே. மேலைநாட்டாரின் தியாகத்தையும் கொடையையும் அவர் மறுக்கவில்லை. கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் இடையே நட்பு இல்லை என்பதையே சுட்டினார். சங்கம் பணியாற்றிய தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் அவர் 1912இல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. அங்கும் பெண்களின் பிடியரிசியும், பீடத்தின் முன் கொணர்ந்த தானியமும் கோழியும் சபைகளைத் தாங்கின. அவர் காலத்தில் எழுந்த பேராலயம் 1939இல் திறக்கப்பட்டது.

மலைத் தோட்டங்களில்

மூணாறு மலைக்குச் சென்ற தொழிலாளரின் நிலைமை வேறு. அங்கு அவர்களுக்குச் சொந்த வயல் இல்லை, களம் இல்லை, அறுவடை இல்லை. அரிசியும் கூலியிலிருந்து வாங்கப்படுவதே. தோட்டத்துக் குடியிருப்பில் பிடியரிசி முதற்பலனாக இராமல் கூலியின் ஒரு பங்காகிவிடுகின்றது. மாதச் சம்பளத்தை ஒட்டிய சந்தாவும் காணிக்கை உறையும் அத்தகைய இடத்திற்கு இயல்பாகப் பொருந்துவன. இம்மாற்றத்தில் ஓர் இடர் உண்டு. பிடியரிசி எடுக்காத நாளுக்குக் கணக்கில்லை. கட்டாத சந்தா நிலுவையாகிவிடுகின்றது. சபைத் தேர்தலில் வாக்குரிமை சந்தாவோடு இணைக்கப்படும்போது, கொடுக்க இயலாதவர் குரலையும் இழக்கின்றார். கொடுப்பவனுக்கு இடம் உண்டு என்று தொடங்கிய கொள்கை, கொடாதவனுக்கு இடமில்லை என்று திரும்பிவிடக்கூடும்.

இதைவிட ஆழமான முரண் பெண்களைப் பற்றியது. கலயத்தைக் காத்தவள் பெண். கணக்கு மன்றத்தில் நெடுங்காலம் அமர்ந்தவர் ஆண்கள். குளோரிந்தாவின் ஆலயம் எழுந்த 1785ஆம் ஆண்டிலிருந்து, தென்னிந்தியத் திருச்சபையில் முதல் பெண் பேராயர் பொறுப்பேற்ற 2013ஆம் ஆண்டு வரை 228 ஆண்டுகள் ஆயின. திருச்சபைக்கு வெளியிலும் இதே வினா எழுந்ததை மூணாறு கண்டது. 2015 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளப் பெண்கள் 20 விழுக்காடு போனசும் கூலி உயர்வும் கேட்டு ‘பெண்கள் ஒற்றுமை’ என்னும் பொருளில் பொம்பிளை ஒருமை என்ற பெயரால் திரண்டனர். நிருவாகத்தை மட்டுமன்றித் தொழிற்சங்கத் தலைமைகளையும் அவர்கள் ஒதுக்கிவைத்தனர். சந்தா செலுத்தும் உறுப்பினராயிருந்தும் பேச்சு மேசையில் இடம்பெறாதவர்களின் எழுச்சி அது. கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்னும் அறம் ஆலயத்திற்கும் சங்கத்திற்கும் பொதுவானது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் தென்தமிழகத் திருச்சபைகளின் நிதி வரலாற்றில் மூன்று நிலைகளை அறியமுடிகின்றது. கொடையாளர் பெயரை முன்னிறுத்தி வெளியே விடுத்த வேண்டுகோள் முதல் நிலை. உழைப்பின் பயனை விற்றுத் திரட்டியது இரண்டாம் நிலை. ஊர் வழக்கங்களை ஏற்று உள்ளூராரிடமே திரட்டியது மூன்றாம் நிலை. முதல் நிலை கட்டடங்களை எழுப்பியது. மூன்றாம் நிலை, சபையின் பொறுப்பைத் தாமே ஏற்கும் மக்களை உருவாக்கியது.

அயல்நாட்டு நன்கொடை ஒழுங்காற்றுச் சட்டம் 1976இல் வந்தது. 2010இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. 2020இல் விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. ஆகவே உள்ளூர்க் கொடையின் தேவை மிகுந்தே வருகின்றது. ஆலய மின்விசிறியிலும் குழல்விளக்கிலும் ‘உபயம்’ என்று எழுதும் வழக்கம் கோயில்களிலும் தேவாலயங்களிலும் ஒருசேரக் காணப்படுகின்றது. பெயர்க்கல் விரைவில் பொருள் தரும். பிடியரிசி மெல்லத்தான் தரும். ஆயினும், கொடுத்த ஒவ்வொருவரும் இது தமது என்று கூறும் உரிமையைப் பிடியரிசியே தந்தது. மூணாறுக் குன்றின் தகடுகளைப் படித்து அங்குக் கொடுத்தவரை இன்று அறியலாம். கலயத்தில் அரிசியிட்ட பெண்களை அறிய எழுத்துச் சான்று அரிது. சபைப் பதிவேடுகளையும் தோட்டக் குடும்பங்களின் வாய்மொழிச் செய்திகளையும் தொகுத்து அவர்களின் வரலாற்றை மீட்பது, தமிழியல் ஆய்வாளர் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.